எலிப்பொறி: எங்கே வைப்பது, எப்படி வைப்பது

நேயர்களுக்கு வணக்கம். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் ஐப்பசி மழை இறங்கியதும் வீட்டுக்குள் எலி கூடிவிடும். பக்கிங்காம் கால்வாயும் மழைநீர் வடிகாலும் நிரம்பினால் வளையில் இருந்தவை மேட்டைத் தேடித்தானே வரும்? அதனால் அக்டோபருக்கு முன்பே பொறி வைக்கத் தொடங்கிவிடுங்கள்.

வந்திருப்பது எது என்று முதலில் பாருங்கள். எச்சம் அரிசி அளவு இருந்தால் சுண்டெலி. அரை அங்குல நீளம் இருந்தால் வீட்டெலி. இது பரணிலும் ஓட்டுக்கடியிலும் ஏறும். வாசலோரம் மண்ணைக் குவித்துத் தள்ளியிருந்தால் பெருச்சாளி. நீண்ட மூக்கோடு, கீச்சிட்டபடி சுவரோரமாக ஓடுவது மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை, கரப்பான் தின்னும், விட்டுவிடுங்கள். போகிற வழி தெரியவில்லையா? படுக்கும் முன் சிங்க்குக்கு அடியிலும் கேஸ் சிலிண்டர் பக்கத்திலும் கோலப்பொடியை மெல்லிசாகத் தூவுங்கள். கல்மாவுப் பொடியாக இருக்கட்டும், அரிசிமாவைத் தின்றுவிடும். காலையில் தடம் தெரியும்.

பொறியில் எலி விழாததற்குப் பெரும்பாலும் இடம்தான் காரணம். எலி நடுக்கூடத்தில் நடக்காது, மீசை சுவரில் உரச உரச ஓரமாகவே போகும். மரப்பலகைப் பொறியைச் சுவருக்குக் குறுக்காக, இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். சுண்டெலிக்கு ஆறு முதல் பத்தடிக்கு ஒன்று வேண்டும். ஒரே பொறியை வைத்துவிட்டுக் காத்திருப்பது வீண். முதல் இரவிலேயே நாலைந்து வையுங்கள்.

இன்னொரு காரணம் அவசரம். சுண்டெலி புதுப் பொருளை உடனே முகர்ந்து பார்க்கும். வீட்டெலிக்குப் புதிது என்றாலே பயம். அதற்கு மூன்று, நான்கு நாள் இரையை மட்டும் வைத்து, பொறியின் கம்பியை இழுத்துப் பூட்டாமல் விடுங்கள். பயமில்லாமல் தின்னப் பழகியபின் பூட்டுங்கள்.

இரை பட்டாணி அளவு போதும். பெரிய துண்டு வைத்தால் கொக்கி அசையாமல் ஓரத்தைக் கொறித்துவிட்டுப் போய்விடும். நூலால் கொக்கியோடு சேர்த்துக் கட்டுங்கள். இழுத்தால்தான் பொறி விழும். சுட்ட தேங்காய்ச்சில்லு, மசால்வடை, கருவாடு எல்லாம் ஆகும். ஆனால் தெருவெல்லாம் மீன் வாசனை வீசும் காசிமேட்டில் கருவாட்டைவிட தேங்காயை நம்பலாம். தானியக் குடோன் பக்கம் இருப்பவர்கள் கருவாடு வைக்கலாம். எறும்பு மொய்த்துவிடும், தினமும் மாலையில் இரையை மாற்றுங்கள்.

இனி பாதுகாப்பு. வீட்டெலிக்கான பெரிய பொறியில் அடித்து விழும் கம்பி குழந்தையின் விரலை முறித்துவிடும். இரையை முதலில் கட்டி, பிறகுதான் கம்பியை இழுத்துப் பூட்ட வேண்டும். பலகையின் பின்பக்க ஓரத்தை மட்டும் பிடியுங்கள். வைத்த இடத்திலிருந்து நகர்த்த வேண்டுமானால் முதலில் துடைப்பக் கட்டையால் தட்டி விழ வையுங்கள். குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில், இரண்டு பக்கமும் எலி நுழையும் அளவு துளை போட்ட மரப்பெட்டிக்குள் பொறியை வைத்து மூடி, மேலே செங்கல் ஏற்றுங்கள். பலகையைக் கம்பியால் குழாயோடு கட்டுவதும் அவசியம். சுண்டெலிப் பொறியில் வீட்டெலி அரைகுறையாக மாட்டினால் பொறியோடு பரணுக்குப் போய்ச் செத்து, வீடே நாறும்.

கம்பிக்கூண்டு என்றால், பிடித்ததை என்ன செய்வது என்று முன்பே யோசியுங்கள். கால்வாய் ஓரம் விட்டால் அங்குள்ள குடிசைக்குள் போகும். பக்கத்துத் தெருவில் விட்டால் திரும்பி வரும். வெந்நீர் ஊற்றுவதும் வாளியில் அமுக்குவதும் கொடுமை. நொடியில் கொல்லும் பலகைப் பொறியே மேல். பசை அட்டை வேண்டவே வேண்டாம்: எலி மணிக்கணக்கில் துடிக்கும், பல்லியும் அணிலும் ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கல்லீரலை அழிக்கும் அந்த விஷத்துக்கு மாற்றுமருந்து கிடையாது.

காலை, மாலை இரண்டு வேளையும் பொறியைப் பாருங்கள். செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி அதன் சிறுநீரில் இருக்கிறது, கையிலுள்ள சின்னக் கீறல் வழியாகவும் உள்ளே போகும். கையுறை போட்டு, ஒரு பங்கு திரவ பிளீச்சில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து எலி மீதும் பொறி மீதும் நனையத் தெளித்து ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். எச்சத்தை உலர்ந்தபடி பெருக்கக் கூடாது. இதே கரைசலில் ஊறவைத்துத் துணியால் துடையுங்கள். பிளீச்சோடு கழிவறை ஆசிட்டைக் கலந்தால் நச்சுப்புகை வரும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, ஸ்டான்லி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கோ அன்றே போங்கள்.

பொறி வைத்திருக்கும்போதே ஓட்டையையும் அடையுங்கள். பென்சில் நுழையும் துளை சுண்டெலிக்குப் போதும். சிங்க் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை இறுக்கித் திணித்து, மேலே சிமெண்ட் பூசுங்கள். வெறும் சிமெண்டை ஈரத்திலேயே சுரண்டிவிடும். பிறகு மறுபடி கோலப்பொடி தூவிப் பாருங்கள். ஏழு இரவு தடமே விழாவிட்டால் பொறிகளைக் கழற்றி, கழுவி, வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள்.