குடத்துக்குள் யார் பெயர்?

(மதுரை தல்லாகுளத்தில் சட்டம் படிக்கும் பிள்ளைகளிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகளே, பெரியவர்களே, வணக்கம்.

ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் பொதுமக்கள் குழு, வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்போம். சரி. ஆனால் பொதுவேலைக்கு ஊரிலிருந்து ஆள் எடுப்பது எப்படி என்று நம்மவர்களும் யோசித்திருக்கிறார்கள். அகநானூறு 77ஆம் பாட்டில் நம்ம மதுரை மருதன் இளநாகனார், கயிறு கட்டிய குடத்தின் முத்திரையை உடைத்து ஓலை எடுப்பவர்களைச் சொல்கிறார். போர்க்களத்தில் கழுகு குடலை இழுப்பதற்கு அது உவமை! ஊரே பார்த்துப் பழகிய காட்சியாக இருந்தால்தான் இப்படி உவமை வரும்.

பிற்பாடு ஊர்ச் சபைக்குக் குடவோலையில் ஆள் எடுக்கும் முறையை உத்திரமேரூர்க் கல்வெட்டு விவரமாகவே எழுதிவைத்தது. வயது 35க்கு மேல், 70க்குள். கால் வேலி (வேலி என்பது பழைய நில அளவு) நிலம், சொந்த மனையில் வீடு. ஓலையை எடுப்பது ஒரு சிறுவன். எடுக்கிற கையில் சூது இல்லை. ஆனால் நிலமில்லாதவன் பெயர் குடத்துக்குள்ளேயே போகவில்லை. ஜூரி சட்டத்தின் சிக்கலெல்லாம், பட்டியலில் யார் பெயர் என்ற இந்த இடத்தில்தான்.

1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைப் பாருங்கள். 21 முதல் 60 வயதுவரை உள்ள ஆண்கள். அவர்களிலும் செஷன்ஸ் நீதிபதியும் கலெக்டரும் தகுதி உண்டு என்று கருதியவர்களுக்கே பட்டியலில் இடம். சீட்டுக் குலுக்குவதெல்லாம் அதற்கு அப்புறம். கீழமாசி வீதியில் மூட்டை சுமப்பவர் பெயர் கலெக்டர் நினைவுக்கு எப்படி வரும்?

மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்றதாகக் கடற்படை அதிகாரி நானாவதி மீது நடந்த வழக்குதான் ஜூரியை ஒழித்தது என்பார்கள். 1959இல் ஒன்பது பேரில் எட்டுப் பேர் குற்றவாளி இல்லை என்றார்கள். நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை. 1961இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் அதற்கு முன்பே, 1958இல், சட்ட ஆணையம் ஜூரி வேண்டாம் என்று சொல்லியாயிற்று. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போயிற்று. பட்டியலைத் திருத்திப் பார்க்காமலே முறையைக் கைவிட்டோமே என்பதுதான் என் மனக்குறை.

அமெரிக்காவில் திருத்தினார்கள். 1968ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கி எடுக்கச் சொன்னது. ஜூரி வேலைக்குப் போனவரை முதலாளி வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 1978இல் இன்னொரு சட்டம் வந்தது. அப்போதும் ஓட்டை இருந்தது. காரணம் சொல்லாமலே சிலரை விலக்க வக்கீலுக்கு உரிமை உண்டு. கென்டக்கியில் பாட்சன் என்ற கறுப்பினத்தவரின் வழக்கில், அழைக்கப்பட்டிருந்த நான்கு கறுப்பினத்தவரையும் அரசு வக்கீல் அப்படித்தான் விலக்கினார். நிறம் பார்த்து விலக்கக் கூடாது என்று 1986இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இங்கிலாந்து அந்த உரிமையையே 1988இல் எடுத்துவிட்டது.

இன்று ராத்திரி பாட்சன் தீர்ப்பைப் படியுங்கள். கையோடு, ஜூரிப் பட்டியல் தயாரிப்பதைச் சொல்லும் நம் 1898 சட்டத்தின் 321ஆம் பிரிவையும் படியுங்கள். நாளை உங்களோடு உட்கார்ந்து பேச நான் வருகிறேன்.