தப்பான விடையை என்ன செய்வது?

வணக்கம். ஐஇஎல்டிஎஸ், ஓஇடி என்று ஏதாவது ஓர் ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், அப்பாவோ மாமாவோ கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எத்தனை டெஸ்ட் போட்டே?" பிள்ளையும் கூச்சமில்லாமல் ஒரு பெரிய எண்ணிக்கையைச் சொல்லும். மதிப்பெண் என்ன என்று கேட்டால்தான் குரல் இறங்கும். நாற்பதுக்கு 22, அடுத்தது 24, மறுபடி 21, பிறகு 23. ஒரு மாதமாக அதே இடம்.

மாதிரித் தேர்வு எழுதினால் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். அவ்வளவுதான் அது செய்யும். நிற்கிற இடத்திலிருந்து நகர வேண்டுமென்றால், எழுதி முடித்த பிறகு தப்பான ஒவ்வொரு விடையையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை யாரும் உட்காருவதில்லை. அடுத்த டெஸ்ட்டுக்கு ஓடிவிடுகிறார்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்ததே அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான்.

முதலில் கேட்டல். ஐஇஎல்டிஎஸ் தேர்வில் நான்கு பகுதி, நாற்பது கேள்வி, ஏறக்குறைய முப்பது நிமிட ஒலிப்பதிவு. ஒரே ஒரு முறைதான் ஓடும். புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிரெஞ்சு படித்து டெல்ஃப் தேர்வு எழுதியவர்களுக்கு, அங்கே பெரும்பாலான ஒலிப்பகுதிகளை இரண்டு முறை கேட்டுப் பழக்கம். முதல் முறை மேலோட்டமாகக் கேட்டுவிட்டு இரண்டாம் முறை பிடித்துக்கொள்ளலாம் என்ற அந்தத் தெம்பு இங்கே உதவாது. இங்கே இரண்டாம் முறை கிடையாது.

ஒவ்வொரு பகுதிக்கு முன்பும் கேள்விகளைப் பார்க்கச் சில வினாடிகள் தருவார்கள். அந்த வினாடிகளில் என்ன செய்வது? இதற்கு நம் கடற்கரை ஊர்க்காரர்களுக்குப் பாடமே தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்றால் வானொலிப் பெட்டி பக்கத்தில் எப்படி உட்காருவோம்? கடலூர்த் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு, புயல் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது, எந்தத் திசையில் நகர்கிறது, எப்போது கரையைக் கடக்கும். இந்த நாலும்தான் வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்ததே, அதற்கு முந்தின ராத்திரி செய்தி கேட்டவர்களைக் கேளுங்கள். அறிக்கை முழுவதும் யாருக்கும் நினைவிருக்காது. அந்த நாலும் நினைவிருக்கும். காது காத்துக்கொண்டிருந்தது, அதனால் பிடித்தது.

தேர்விலும் அப்படித்தான் காத்திருக்க வேண்டும். கோடிட்ட இடத்துக்கு முன்னால் பவுண்ட் குறி இருந்தால் வரப்போவது எண். 'மிஸ்டர்' என்று இருந்தால் ஒரு பெயர், அதை எழுத்து எழுத்தாகச் சொல்லப்போகிறார்கள். 'அன்' என்று முடிந்திருந்தால் உயிரொலியில் தொடங்கும் ஒருமைச் சொல். பென்சிலால் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: எண், பெயர், இடம், பன்மை. கணினியில் எழுதுவோர் மனதில் குறித்துக்கொள்ளலாம். பயிற்சியின்போது ஒலிப்பதிவே போடாமல் இதை மட்டும் பத்து நாள் செய்து பாருங்கள். கேள்வித்தாளைப் பார்த்து, ஒவ்வொரு இடத்திலும் என்ன வகைச் சொல் வரும் என்று எழுதிவைத்து, பிறகு விடைத்தாளோடு ஒத்துப் பார்ப்பது. ஐந்து நிமிட வேலை.

சரி, டெஸ்ட் முடிந்தது. நாற்பதில் பதினாறு தப்பு. இப்போது அந்த ஒரு மணி நேரம்.

ஒலிப்பதிவின் எழுத்து வடிவம் பயிற்சிப் புத்தகத்தின் கடைசியில் இருக்கும். அதை எடுத்து, தப்பான ஒவ்வொரு விடைக்கும் உரிய வரியைத் தேடி அடிக்கோடு போடுங்கள். பக்கத்தில் ஏன் தப்பு என்று ஓர் எழுத்து. 'தெ' என்றால் சொல்லே தெரியாது. 'கே' என்றால் தெரிந்த சொல்தான், ஆனால் காதில் விழவில்லை. 'எ' என்றால் கேட்டது, எழுதும்போது பிழை. 'பொ' என்றால் பொறியில் மாட்டியது. நாலு வகை, நாலுக்கும் நாலு வேறு மருந்து. எல்லாவற்றுக்கும் சேர்த்து "இன்னும் நிறையக் கேட்கணும்" என்று ஒரே மருந்தைக் கொடுப்பதால்தான் 22லேயே நிற்கிறது.

பொறி என்றால் என்ன? ஒருவர் விடுதியில் அறை கேட்கிறார். அந்தப் பக்கம் 'எய்ட்டி ஃபைவ் பவுண்ட்ஸ்' என்கிறார்கள். பிள்ளை 85 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது. அங்கே தொடர்ந்து வருகிறது: 'ஆக்சுவலி, தட் வாஸ் லாஸ்ட் இயர்', இப்போது தொண்ணூற்றைந்து. 'ஆக்சுவலி', 'நோ வெயிட்', 'பட்', 'இட் யூஸ்ட் டு பி' இவற்றில் ஏதாவது காதில் விழுந்தால், எழுதியதை அடிக்கத் தயாராக இருங்கள். முதல் பகுதியில் இது அடிக்கடி வரும். மூன்றாம் பகுதியில் மாணவர்கள் பேசும்போது இன்னும் நுணுக்கமாக வரும்: ஒருவர் சொல்வார், இன்னொருவர் நயமாக மறுப்பார், முதல் ஆள் ஒத்துக்கொள்வார். கடைசியில் இருவரும் ஒத்துக்கொண்டதுதான் விடை.

எழுதும்போது வரும் பிழையில் நம் ஆட்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. பன்மை. நாம் பஸ்ஸில் "மூணு டிக்கெட் குடுங்க" என்கிறோம். 'மூணு டிக்கெட்டுகள்' என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்கும் கூடவே வருகிறது. பதிவில் 'டிக்கெட்ஸ்' என்று சொல்கிறார்கள், நம் காது 'டிக்கெட்' என்று வாங்கிக்கொள்கிறது. கடைசி 'எஸ்' விட்டால் அரை மதிப்பெண் கூடக் கிடையாது, முழுதும் போச்சு. 'இரண்டு சொல்லுக்கு மேல் கூடாது' என்ற இடத்தில் மூன்று எழுதினாலும் அதே கதி. எழுத்துப் பிழைக்கும் அதே கதி. ஆகவே விடையை எழுதியவுடன் வாக்கியத்தில் பொருத்தி ஒரு முறை மனதுக்குள் படியுங்கள். இலக்கணமே 'எஸ்' வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிடும். காகிதத் தேர்வு நடக்கும் இடங்களில் விடைகளைப் பெயர்த்து எழுதப் பத்து நிமிடம் தருவார்கள். கணினித் தேர்வில் சரிபார்க்க இரண்டே நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தை 'எஸ்' பார்க்க மட்டும் வைத்துக்கொண்டாலே தகும்.

எண்களிலும் கவனம். 'தர்ட்டீன்' என்பதில் அழுத்தம் பெரும்பாலும் பின்னால் விழும், 'தர்ட்டி' என்பதில் முன்னால். தொலைபேசி எண்ணில் சுழியத்தை 'ஓ' என்பார்கள், இரண்டு நான்கு வந்தால் 'டபுள் ஃபோர்'. எழுத்துக் கூட்டும்போது ஏ, ஈ, ஐ மூன்றும் குழப்பும். வீட்டில் தங்கை தம்பியை விட்டு ஊர்ப் பெயர்களை ஆங்கில எழுத்தாகச் சொல்லச் சொல்லி எழுதிப் பாருங்கள். விருத்தாசலத்தையும் வில்லியனூரையும் பிழையில்லாமல் எழுதிவிட்டால் லண்டன் தெருப் பெயர் எல்லாம் சும்மா.

இனி 'கே'. சொல் தெரியும், காதில் விழவில்லை. இதுதான் பெரும்பாலோருக்குப் பெரிய பள்ளம். நாம் ஆங்கிலத்தைக் கண்ணால் கற்றவர்கள். 'பிக் இட் அப்' என்று மூன்று தனிச் சொல்லாக எதிர்பார்க்கிறோம். அவர்கள் வாயில் 'பிக்கிட்டப்' என்று ஒன்றாக வருகிறது. 'ஆஃப்', 'டு', 'ஆண்ட்' போன்ற சின்னச் சொற்கள் கரைந்தே போகும்.

இதற்கு மருந்து, சொல்வதெழுதல். சின்ன வகுப்பில் செய்ததுதான், கௌரவம் பார்க்காதீர்கள். ஒரு நிமிடப் பேச்சு போதும், ஏறக்குறைய 150 சொல் இருக்கும். எழுத்து வடிவம் கூடவே கிடைக்கும் பேச்சாகப் பார்த்து எடுங்கள். பிபிசியின் ஆங்கிலம் கற்பிக்கும் தளத்தில் ஆறு நிமிட உரையாடல்கள் அப்படி இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு வாக்கியம் போடுங்கள், நிறுத்துங்கள், நீல மையில் எழுதுங்கள். விட்டுப்போனால் திரும்பப் போடலாம், ஒரு வாக்கியத்துக்கு ஐந்து முறைக்கு மேல் வேண்டாம். ஐந்திலும் பிடிபடாவிட்டால் இடம் விட்டுவிட்டு நகருங்கள். முடிந்ததும் எழுத்து வடிவத்தைப் பார்த்து, விட்டதைச் சிவப்பில் நிரப்புங்கள். பிறகு, இதைத்தான் பலரும் செய்வதில்லை, சிவப்பு இருக்கும் வாக்கியத்தை மட்டும் மறுபடி கேட்டு, பேசுபவர் கூடவே அதே வேகத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் வாய் கரைத்துச் சொல்லிவிட்டால், காது தானாகப் பிடிக்கும். மொத்தம் நாற்பது நிமிடம் ஆகும். தினம் வேண்டாம், வாரம் நான்கு நாள் போதும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். வேகத்தைக் குறைத்துக் கேட்பது. குறைத்தால் கரைந்த ஒலி நீளும், தெளிவாகாது. தேர்வு அறையில் யாரும் குறைத்துத் தரவும் மாட்டார்கள். மின்விசிறி சத்தத்தில் ஸ்பீக்கரில் போட்டு நாற்பது பேர் சேர்ந்து கேட்பதும் அப்படித்தான். நூறு ரூபாய் இயர்போன் வாங்கித் தனியாகக் கேளுங்கள்.

நர்சிங் படித்து ஓஇடி எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேட்டல் முதல் பகுதியில் நோயாளி பேசப்பேச 24 இடங்களை நிரப்ப வேண்டும். உங்களுக்கு மருத்துவம் தெரியும் என்பதுதான் இங்கே ஆபத்து. நோயாளி சொன்னதைத் தாண்டி நோயைக் கணித்து எழுதிவிடுகிறீர்கள். கேட்ட சொல்லையே எழுதுங்கள்.

இப்போது ஐஇஎல்டிஎஸ் வாசித்தல். மூன்று பகுதி, நாற்பது கேள்வி, 60 நிமிடம். பெயர்த்து எழுதத் தனி நேரம் கிடையாது. இதில் அதிகம் அடி வாங்குவது 'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்' கேள்வியில், அதாவது ஒரு கூற்று பகுதியின்படி சரியா, தவறா, பகுதியில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லையா என்று சொல்லும் கேள்வியில். நம் கடலூரையே எடுத்துக்கொள்வோம்.

பகுதியில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. பீரங்கி சுட்டு, குண்டு எட்டும் தொலைவுவரை உள்ள ஊர்களும் விற்பனையில் சேர்ந்தன. அந்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்றார்கள். இதுதான் பகுதி. இது வரலாறும் கூட, அந்தக் கோட்டைதான் புனித டேவிட் கோட்டை.

கேள்வி ஒன்று: கோட்டையோடு சில ஊர்களும் கம்பெனிக்குக் கிடைத்தன. வரி இருக்கிறது, ட்ரூ. இரண்டு: கம்பெனி கோட்டையைப் பிரெஞ்சுக்காரரிடம் வாங்கியது. புதுச்சேரி பக்கத்திலேயே இருப்பதால் பொருத்தமாகத் தோன்றும், ஆனால் பகுதி மராட்டியர் என்கிறது, ஃபால்ஸ். மூன்று: ஊர் மக்கள் இந்த விற்பனையை எதிர்த்தார்கள். இங்கேதான் விழுவார்கள். "பின்னே, எதிர்க்காமலா இருந்திருப்பாங்க?" என்று மனது சொல்லும். இன்னொருவர், எதிர்ப்பைப் பற்றி ஒன்றும் இல்லையே, அப்படியானால் ஃபால்ஸ் என்பார். இரண்டும் தப்பு. எதிர்த்தார்கள் என்றும் இல்லை, எதிர்க்கவில்லை என்றும் இல்லை. நாட் கிவன்.

விரல் வைக்க ஒரு வரி வேண்டும். ட்ரூ என்றாலும் வரி வேண்டும், ஃபால்ஸ் என்றாலும் அதற்கு நேர் எதிராகச் சொல்லும் வரி வேண்டும். விரல் வைக்க இடமில்லை என்றால் நாட் கிவன். இந்த வகைக் கேள்விகள் பகுதியின் வரிசையிலேயே வரும். நாலாம் கேள்விக்கும் ஆறாம் கேள்விக்கும் வரி கிடைத்துவிட்டால், ஐந்தாவதை அந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும் தேடுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் தேடினால் பெரும்பாலும் அது நாட் கிவன்தான். தப்பானதை வீட்டில் திருத்தும்போதும் இதே விரல்தான்: எந்த வரி என்று காட்ட முடியாத விடையைச் சரியென்று எண்ணாதீர்கள், குருட்டாம்போக்கில் சரியாகப் போயிருந்தாலும்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டுகிறார்கள். தலைப்புப் பொருத்துவது, சொல்வளம் இரண்டும் பேச நினைத்திருந்தேன், நேரமில்லை. நேரக் கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். மேற்படிப்புக்குப் போகிறவர்கள் எழுதும் அகாடமிக் தேர்வில் மூன்று பகுதியும் சேர்ந்து அதிகபட்சம் 2,750 சொல். நிமிடத்துக்கு 150 சொல் என்று நிதானமாகப் படித்தாலே பத்தொன்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நேரத்தைத் தின்பது படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பது. கடைசிப் பகுதி கடினம், ஆகவே 17, 20, 23 என்று நிமிடங்களைப் பிரியுங்கள். பயிற்சிக்குத் தலையங்கம் வேண்டாம், அதில் கருத்துதான் அதிகம். அறிவியல் பக்கம் எடுங்கள், தேர்வுப் பகுதிகளுக்கு அதுதான் நெருக்கம். தப்பு விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, ஓர் இடத்தையும் காலியாக விடாதீர்கள். நன்றி, வணக்கம்.