யானைக் காலடிக்குள் குழியானை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். விடியற்காலையில் காட்டில் நடப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து நிமிடம்தான், பார்ப்போம்.

இது ஆவணி. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடித்து ஓய்கிறது, சிறுபோக நெல் வெட்டு முடிகிறது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் குளங்கள் வற்றி, காட்டோர மண் மாவாகக் கிடக்கிறது. காட்டுக்குள் போகிறவர்கள் வீரை, பாலை மரங்களை அண்ணாந்து பார்த்தபடியே போகிறார்கள். பார்க்கட்டும். ஆனால் முதலில் நிலத்தைப் பாருங்கள் என்பேன். மாரியில் சுவடெல்லாம் சேற்றில் குழம்பிவிடும். கோடைப் புழுதிதான் ஒன்றையும் மறைக்காது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. தாந்தாமலைப் பக்கம் என் அம்மானுக்கு மாட்டுப்பட்டி இருந்தது. ஒரு செவலைப் பசு இரவு திரும்பவில்லை. நிலம் வெளிக்கும் நேரத்தில் என்னையும் கூட்டிக்கொண்டு தேடப் புறப்பட்டார். வீரை மரமொன்றின் கீழ் யானைக் காலடி, சுளகு அளவு. நான் நடுங்கிப்போனேன். அம்மான் குந்தியிருந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மனே, உள்ளே பார்."

காலடிக்குள் சின்னச் சின்னப் புனல்களாக நான்கைந்து குழிகள். குழியானை! ஈர்க்கால் கிளறி, எறும்பைப் போட்டு நாமெல்லோரும் விளையாடிய அதே பூச்சிதான். யானை போன பிறகு அது ஆறுதலாக வந்து வீடு கட்டியிருக்கிறது. ஆகவே சுவடு பழையது. இவ்வளவு பெரிய யானையின் கணக்கை இத்தனை சிறிய யானை சொல்கிறதே என்று இன்றைக்கும் எனக்கு வியப்புத்தான்.

கொஞ்சத் தூரம் போனதும் இன்னொரு காலடி. குழியானை இல்லை. பாதத்தின் வெடிப்பு வரிகள்கூட அப்படியே பதிந்திருந்தன. பக்கத்தில் கிடந்த இலத்தியில் அம்மான் புறங்கையை வைத்தார். சூடு. அவர் பயந்து ஓடவில்லை. ஒரு கொடியை அறுத்து, முன்காலடியைச் சுற்றி இரண்டு முறை அளந்து, நுனியைக் கையால் உயர்த்திப் பிடித்தார். இரண்டு சுற்றுத்தான் யானையின் தோள் உயரம் என்பது பட்டிக்காரர் கணக்கு. அளந்து பார்த்தவர்களும் ஏறக்குறைய அதையே சொல்கிறார்கள். கை எட்டிய மட்டும் தூக்கியும் கொடியின் மறுநுனி நிலத்தில் இரண்டடி கிடந்தது.

"பசு தானாக வரும்" என்று சொல்லித் திரும்பிவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பசு பட்டி வாசலில் அசைபோட்டுக்கொண்டு நின்றது!

இரவெல்லாம் வயலோரம் மேய்ந்த யானை காட்டுக்குத் திரும்புவதும் இந்த விடியலில்தான். அதனால் இடம் தெரிந்த ஒருவர் துணையில்லாமல் போகாதீர்கள். போனால், மறுபடியும் சொல்கிறேன், முதலில் நிலம்.

ஆறுமணிக் குருவியைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் தம்பி கையைக் காட்டுகிறார். சுருக்கமாக: மாரிக்கு முன் இந்தியாவிலிருந்து வந்து சேரும். காலையும் மாலையும் ஆறு மணியளவில் இரண்டு சீழ்க்கை அடிக்கும். சத்தம் கேட்டு மரக்கிளையில் தேடாதீர்கள், அது பெரும்பாலும் கீழே சருகைக் கிளறிக்கொண்டு நிற்கும். வணக்கம்.