முத்துலட்சுமி ரெட்டி: ஓர் உறுப்பினரின் மூன்றரை ஆண்டுகள்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்றதும் பலருக்கு அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் நினைவுக்கு வரும். சிலருக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. இன்று நான் பேச வந்திருப்பது சட்டசபை உறுப்பினர் முத்துலட்சுமியைப் பற்றி. 1927 தொடக்கத்திலிருந்து 1930 வரை, ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள்தான் அவர் சென்னை மாகாண சட்டசபையில் இருந்தார். அந்தக் குறுகிய காலத்தில் அவர் வேலை செய்த விதத்தை நாம் இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

அவர் 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்து, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-இல் டாக்டரானார். தாயின் மரபை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னாளில் அவர் சட்டசபையில் எழுப்பிய கேள்வி புத்தகத்தில் படித்து எழுந்த கேள்வி அல்ல. தன் தாய்வழி உறவில் பிறந்த சிறுமிகளின் வாழ்க்கையைப் பற்றிய கேள்வி.

சென்னை மாகாணத்தில் 1921-இல் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. அதுவும் சொத்துத் தகுதியோடு, மிகச் சிலருக்குத்தான். தேர்தலில் நிற்கும் உரிமை 1926-இல்தான் வந்தது. அந்தத் தேர்தலில் மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். அவையில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று இந்திய மாதர் சங்கத்தார் வற்புறுத்தினார்கள். நியமன உறுப்பினராக முத்துலட்சுமியின் பெயர் வந்தது. அவருக்கு முதலில் தயக்கம்தான். நோயாளிகளை விட்டுவிட்டு அரசியலுக்குப் போவதா என்று யோசித்தார். அப்புறம் ஒப்புக்கொண்டார். அவை கூடியதும் உறுப்பினர்கள் அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட ஆண்கள் இருந்த அவையில் அவர் ஒரே பெண்.

நியமன உறுப்பினர் என்றால் பேசாமல் இருந்துவிட்டுப் போகலாம். யாரும் கேட்கப் போவதில்லை. இவரோ பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார், பெண் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை கேட்டார், குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை கேட்டார். திருமண வயதை ஆணுக்கு 21, பெண்ணுக்கு 16 என்று உயர்த்தச் சொல்லி 1928-இல் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். அடுத்த ஆண்டு இந்தியா முழுமைக்கும் வந்த குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், அதாவது சாரதா சட்டம், 18, 14 என்றுதான் வைத்தது. ஒரு மாகாண அவை அதைவிட முன்னே போயிருந்தது.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது பொட்டுக்கட்டும் வழக்கத்தை அவர் எதிர்கொண்ட முறை.

சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் இந்த வழக்கத்தை நிறுத்த அரசு சட்டம் கொண்டுவர வேண்டும் என்று 1927 நவம்பரில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அவை ஏற்றுக்கொண்டது. ஆனால் தீர்மானம் என்பது சிபாரிசு மட்டுமே. அரசு அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கலாம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 372, 373 பிரிவுகள் இருக்கின்றனவே, அவை போதாதா என்று ஒரு வாதமும் இருந்தது. அந்தப் பிரிவுகள் சிறுமியை விபசாரத்துக்காக ஒப்படைப்பதைத் தண்டித்தன. கோயிலில், சாமி முன்னால், சடங்காகத் தாலி கட்டும்போது நோக்கம் அதுதான் என்று நீதிமன்றத்தில் யார் நிரூபிப்பது?

இங்கேதான் அவருடைய கூர்மை தெரிகிறது. இந்த வழக்கம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பார்த்தார். நிலத்தை. கோயில் பணிக்காகத் தேவதாசிக் குடும்பங்களுக்கு மானிய நிலம் இருந்தது. பணி நின்றால் நிலம் போய்விடும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக்கட்ட வேண்டிய கட்டாயம் அந்தக் குடும்பத்துக்கு இருந்தது. பக்தி, கலை, மரபு என்று எத்தனை பேர் எத்தனை விதமாகப் பேசினாலும், வீட்டுக்குள் ஒரு தாய் போட்ட கணக்கு இந்த நிலத்தைப் பற்றியது.

ஆகவே அவர் இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தார். அது 1929-இல் சட்டமானது. கோயில் பணி என்ற நிபந்தனை நீங்கும். நிலம் அந்தப் பெண்களிடமே இருக்கும். கோயிலுக்கு ஒரு தொகை வாடகையாகப் போகும். பொட்டுக்கட்டுவதை அந்தச் சட்டம் தடை செய்யவில்லை. கட்டினால்தான் நிலம் என்ற நிலையை மாற்றியது. யாரையும் சிறைக்கு அனுப்பாமல், யாருடைய சோற்றையும் பறிக்காமல், ஒரு கட்டாயத்தை எடுத்துவிட்டார். ஒரு தனி உறுப்பினர் கொண்டுவந்த சட்டங்களில் இவ்வளவு யோசித்துச் செய்யப்பட்டவை குறைவு என்றே நான் நினைக்கிறேன்.

எதிர்ப்பு இருந்தது. சத்தியமூர்த்தி போன்ற பெரிய பேச்சாளர்கள் எதிர்த்தார்கள். தேவதாசிப் பெண்களே சங்கமாகச் சேர்ந்து மனு கொடுத்தார்கள். நாங்கள் கலையையும் சமயப் பணியையும் காப்பவர்கள், எங்களை விபசாரத்தோடு சேர்த்துப் பேசாதீர்கள், எங்களுக்குக் கல்வி கொடுங்கள் என்று கேட்டார்கள். அவர்களுடைய குரலைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இசையும் ஆடலும் அவர்கள் கையில்தான் இருந்தன. அவர்கள் இழந்தவை உண்மையான இழப்புகள். சீர்திருத்தம் பேசியவர்கள் அந்தக் கலைக்கு இன்னும் மரியாதை காட்டியிருக்கலாம். ஆனால் வயது வராத ஒரு சிறுமி தன் வாழ்க்கையைப் பற்றி மனு கொடுக்க முடியாது. அவளுக்காக அவையில் எழுந்து நின்றவர் முத்துலட்சுமி. அதே மரபில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அவைக்கு வெளியே, ஊர் ஊராக இதே போராட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நேரடியாகப் பொட்டுக்கட்டுதலைத் தடை செய்யும் மசோதாவை 1930-இல் கொண்டுவந்தார். அது நிறைவேறுவதற்குள் உப்பு சத்தியாகிரகம் தொடங்கிவிட்டது. காந்தியடிகள் கைதானதும் முத்துலட்சுமி பதவியை விட்டு விலகினார். உயிராக நினைத்த மசோதா கையில் இருக்கும்போது எடுத்த முடிவு அது. அவையில் அதைத் தள்ளிக்கொண்டு போக ஆள் இல்லாமல் போயிற்று. பம்பாய் மாகாணம் 1934-லேயே சட்டம் செய்துவிட்டது. நம் மாகாணத்தில், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது, 1947-இல்தான் அது சட்டமானது. பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணும் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளலாம் என்பதையும் அந்தச் சட்டம் உறுதி செய்தது. இடையில் இருந்த பதினேழு ஆண்டுகளும் அவர் எழுதியும் பேசியும் வற்புறுத்தியும் வந்தார்.

பதவி விலகிய காலத்திலேயே இன்னொரு வேலை வந்து சேர்ந்தது. இந்த வாழ்க்கை வேண்டாம் என்று வெளியே வந்த சிறுமிகளை விடுதிகள் சேர்த்துக்கொள்ளவில்லை, பிறந்த குலத்தைக் காரணம் காட்டி. தன் வீட்டிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். அதுதான் அவ்வை இல்லம். சட்டம் விடுவித்த பெண் அன்றிரவு எங்கே தங்குவாள் என்பதும் தன் பொறுப்பு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அதற்கொரு மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் அலைந்து, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு தொடங்கிய கதை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான்.

சட்டசபை அனுபவங்களை அவர் பதவி விலகிய 1930-லேயே ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலாக எழுதி வைத்திருக்கிறார். இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களில் பாதி இடங்கள் பெண்களுக்கு. அந்த இடங்களுக்கு வரும் சகோதரிகள் கையில் அந்த நூல் நல்ல தமிழில் போய்ச் சேர வேண்டும் என்பது என் விருப்பம். குறிப்பாக, மானிய நிலத்தைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பக்கங்கள்.

நன்றி. வணக்கம்.