அசைவதற்கென்றே கட்டிய பாலம்

நடுவர் அவர்களே, கிளிநொச்சிப் பெரியோர்களே, வணக்கம்.

பழைய இயங்கு பாலங்களை ஓட வைப்பதா, பூட்டி நினைவுச்சின்னமாக விடுவதா என்பது இன்றைய வழக்கு. "கப்பல் வராத ஆற்றில் பாலம் ஏன் அசையவேண்டும்? வர்ணம் பூசி நிறுத்தினால் போதும்" என்றார் எதிரணித் தலைவர். சரி, அவர் காட்டிய இங்கிலாந்தின் டீஸ் ஆற்றுக்கே போவோம்.

இரும்பும் உருக்கும் கப்பலும் பிறந்த ஆறு அது. சிட்னித் துறைமுகப் பாலத்தைக் கட்டிய டோர்மன் லோங் கம்பனி அதன் கரையிலிருந்த மிடில்ஸ்பரோவைச் சேர்ந்தது. அதே ஊரில் 1911இல் ஒரு பாலம் திறந்தார்கள். கப்பல்களை மறிக்கக்கூடாது என்பதால் ஆற்றின் நடுவே தூண் இல்லை, தாழ்வான தளமும் இல்லை. பாய்மரம் தட்டாத உயரத்தில் ஓர் உத்தரம், அதில் தண்டவாளம், தண்டவாளத்தில் ஓடும் வண்டி, அந்த வண்டியிலிருந்து இரும்பு வடங்களில் தொங்கும் ஒரு தட்டு. அதில் 200 பேர் ஏறலாம், அல்லது 9 கார்களை ஏற்றலாம். ஒன்றரை நிமிடத்தில் அக்கரை! 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் வருமுன் அங்கே கடலைக் கடக்க ஓடிய பாதையை, அந்த மிதவையை, நினைத்துப் பாருங்கள். அந்தப் பாதையைத் தண்ணீரிலிருந்து தூக்கி அந்தரத்தில் தொங்கவிட்டால் அதுதான் மிடில்ஸ்பரோப் பாலம்.

2019இல் பாதுகாப்புக் காரணத்தால் அதை நிறுத்தினார்கள். மிஞ்சியது என்ன? இரண்டு கோபுரமும் ஓர் உத்தரமும். விளக்குப் போட்டு அழகு பார்க்கலாம். ஆனால், அதில் ஒருவராலும் ஆற்றைக் கடக்க முடியாது. கடக்க முடியாததைப் பாலம் என்று எப்படிச் சொல்வது?

அதே ஆற்றில் 1934இல் நியூபோர்ட் பாலம் வந்தது. 2,700 தொன் தளம் படுக்கையாகவே மேலே எழும்பும். எப்படி? எங்கள் கிணற்றுத் துலாதான்! பின்முனையில் கட்டிய பாரக்கல் வாளியைத் தூக்கித் தருவதுபோல, கோபுரங்களில் தொங்கிய எதிர்ப்பாரம் தளத்தைத் தூக்கித் தந்தது. கடைசியாக எழும்பியது 1990இல். இப்போது எதிரணி கேட்டபடியே அசையாமல் நிற்கிறது. என் அம்மம்மாவின் வளவிலும் துலாக்கால் மட்டும்தான் நிற்கிறது. உடுப்புக்கொடி கட்ட நட்ட மரம் என்று என் மகன் நினைத்திருந்தான். எனக்கு நெஞ்சு கனத்துப் போனது.

செலவு என்கிறார்கள். குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசுக் கதவை வருடக்கணக்கில் திறக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று வன்னிக் கமக்காரருக்கு நான் சொல்லவேண்டுமா? துருப்பிடித்து இறுகிவிடும். அப்புறம் புதுக் கதவுக்கே செலவழிக்கவேண்டும்.

நடுவர் அவர்களே, மிடில்ஸ்பரோவின் அந்தத் தொங்கும் தட்டு மறுபடி ஓடவேண்டும் என்று கேட்கிறேன். முதலில் நடந்து வருபவர்கள் ஏறட்டும். கார்கள் பிறகு வரட்டும்.