குட்டியின் படுக்கையில் இருக்கும் தெள்ளு

நேயர்களுக்கு வணக்கம். மருந்து போட்டும் தெள்ளுப்பூச்சி திரும்பத் திரும்ப வருகிறதே என்று காட்பாடியிலிருந்தும் அணைக்கட்டிலிருந்தும் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, குட்டி எங்கே படுக்கிறது என்பதைத்தான். ஏனெனில், குட்டியின் உடலில் நாம் காணும் வளர்ந்த பூச்சிகள் மொத்தத்தில் ஏறக்குறைய 5 விழுக்காடு மட்டுமே; மீதியெல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் கோணிப்பையின் இழைகளிலும், தரை விரிசல்களிலும், கட்டிலுக்கு அடியிலும் கிடக்கின்றன.

ஒரு பெண் பூச்சி நாளொன்றுக்கு 40 முட்டைகள் வரை இடக்கூடும். அவை மயிரில் ஒட்டி நிற்பதில்லை. குட்டி போகுமிடமெல்லாம் உதிர்கின்றன. அவற்றிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சி இருட்டில் ஒதுங்கி, வளர்ந்த பூச்சியின் எச்சத்தில் உள்ள உலர்ந்த இரத்தத்தைத் தின்று, பிறகு கூடு கட்டிக்கொள்கிறது. கூட்டுக்குள் இருப்பதை மருந்து எளிதில் எட்டுவதில்லை. நடமாட்டத்தின் அதிர்வும் உடற்சூடும் படும்வரை அது மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும் என்பதால்தான், வெகுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து நுழைந்தவுடன் கணுக்காலெல்லாம் கடிபடுகிறது.

தெள்ளுதானா என்ற ஐயம் இருந்தால், வாலடியில் மயிரை விலக்கிப் பாருங்கள். மிளகுத்தூள் போன்ற கறுப்புத் துகள்கள் தெரிந்தால், ஈரப் பஞ்சில் வைத்து மெல்ல அழுத்துங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது மண்ணன்று, குட்டியின் இரத்தமே. சிறு குட்டிக்கு இந்த இழப்பு விளையாட்டான செய்தியன்று. ஈறு வெளுத்துச் சோர்ந்திருந்தால் அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தெள்ளைக் கடித்து விழுங்கும் குட்டிக்கு நாடாப்புழுவும் வரும் என்பதால், குடற்புழு மருந்தைப் பற்றியும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டு வாரம் நிறையாத குட்டிக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்துகளில் பல பொருந்தா. வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, உடனே துவட்டி, பேன் சீப்பால் வாரி, சிக்கும் பூச்சிகளைச் சோப்பு நீரில் போடுவதே பாதுகாப்பானது. மண்ணெண்ணெய், பினாயில், மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்து ஆகியவற்றைத் தடவும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். குட்டி அதை நக்கிவிடும்.

வீட்டைப் பொறுத்தவரை, நாம் நாள்தோறும் திட்டித் தீர்க்கும் வேலூர் வெயில் இங்கே உதவிக்கு வருகிறது. கடும் வெப்பத்திலும் வறண்ட காற்றிலும் தெள்ளின் புழு பிழைப்பதில்லை. ஆகவே, படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து, வாரந்தோறும் மொட்டைமாடியில் நல்ல வெயிலில் காயவிடுங்கள். கோணியைக் காட்டிலும் பழைய பருத்திச் சேலை துவைக்க எளிது. ஆனால் கட்டிலடிக்கு வெயில் எட்டாது. அங்கே விரிசல்வரை பெருக்கி, குப்பையை வீட்டுக்கு வெளியே அகற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இவை பெருகும் என்பதால், கூட்டுப்புழுக்கள் யாவும் வெளிவந்து தீரும்வரை, ஏறத்தாழ மூன்று மாதம், இதைத் தொடருங்கள்.

வீட்டில் பூனை இருந்தால் அதற்கும் அதே வேளையில் மருந்து தேவை. ஆனால் நாய்க்கான பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்கு நஞ்சு என்பதால், பூனைக்கென்று தனியே கேட்டு வாங்குங்கள்.