சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பெரம்பூரில் 22 வருடமாகக் கார் பட்டறை வைத்திருக்கிறேன். தொடக்கத்தில் அம்பாசிடர், ஆம்னி, இண்டிகா என்று டாக்ஸி வண்டிகள்தான் அதிகம் வந்தன. இப்போது வாரத்துக்கு ஒருவராவது வந்து, "அண்ணே, ஒரு பிஎம்டபிள்யூ பார்த்து வச்சிருக்கேன், ஒரு தடவை வந்து பாருங்க" என்கிறார். காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள், மண்ணடியில் கடை நடத்துகிறவர்கள், மணலி, மாதவரம் பக்கம் கன்டெய்னர் தொழில் செய்கிறவர்கள், வீட்டிலேயே முதல் ஆளாக ஐடி வேலைக்குப் போன தம்பிகள் எனப் பலரும் வருகிறார்கள்.

வடசென்னைக்காரனுக்கு எதற்கு இந்த வண்டி என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி எனக்கு அறவே பிடிக்காது. எண்ணூரில் இன்று லாரியும் பஸ்ஸும் செய்கிற அசோக் லேலண்டு, 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கியதே ஆஸ்டின் கார் பூட்டத்தான். எம்ஆர்எஃப் 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்துதான் ஆரம்பித்தது. புல்லட்டும் திருவொற்றியூரில் பல வருடம் செய்த வண்டிதான். வண்டியை ரசிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இந்த வகை வண்டியை வாங்குவதில் நம் ஆட்கள் பணத்தை இழப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

எந்த வகை வண்டியைச் சொல்கிறேன் என்றால், பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், மெர்சிடிஸ் சி கிளாஸ், ஆடி ஏ4, வால்வோ எஸ்60, ஜாகுவார் எக்ஸ்இ. ரொம்பப் பெரிதும் இல்லை, சின்னதும் இல்லை. நான்கு பேர் வசதியாக உட்காரலாம், அதே சமயம் ஓட்டுகிறவருக்கும் சந்தோஷம். 3 சீரிஸில் பேட்டரியைக்கூட டிக்கியில் வைத்திருப்பார்கள். முன்னும் பின்னும் எடை ஏறக்குறைய சமமாக வரவேண்டும் என்பதற்காகச் செய்தது அது. எஞ்சின் பின் சக்கரத்தைத் தள்ளும், முன் சக்கரத்துக்குத் திரும்புகிற வேலை மட்டும்தான். மீஞ்சூரில் ஏறி வண்டலூர் வரை வெளிவட்டச் சாலையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் தெரியும். வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பிய உடனே மூக்கு உள்ளே போகும், உடம்பு சாயாது. அந்த ஆசை நியாயமான ஆசைதான்.

சரி, புதுசா பழசா?

புது வண்டி என்றால் கணக்கு எளிது, தொகைதான் பெரிது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக் கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அது ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கிவிடும். அதற்கு மேல் தமிழ்நாட்டில் 20 லட்சத்தைத் தாண்டிய காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 60 லட்ச ரூபாய் வண்டிக்குச் சாலை வரி மட்டுமே 12 லட்சம் ஆகிறது. அந்தப் பணத்தில் ஒரு நல்ல மாருதியே எடுத்துவிடலாம். 10 லட்சத்துக்கு மேல் விலை போனால் 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்கும்போதே வாங்கிக்கொள்ளும் வரி, பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், மறந்துவிடாதீர்கள். அப்புறம் இன்சூரன்ஸ். கையில் பணம் இருந்து, ஏழெட்டு வருடம் அதே வண்டியை வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் புதுசு எடுங்கள், நான் தடுக்க மாட்டேன். மூன்று வருடத்தில் மாற்றுகிற பழக்கம் உள்ளவர் புதுசு எடுத்தால், விலை இறங்குகிற நஷ்டம் முழுக்க அவர் தலையில்தான் விழும்.

பழைய வண்டியில் அந்த நஷ்டத்தை முதல் ஓனர் ஏற்றுக்கொண்டிருப்பார். அதனால்தான் பத்து வருட 3 சீரிஸ் ஒரு புது க்ரெட்டா விலைக்கும் கீழே கிடைக்கிறது. இங்கேதான் நம் பிள்ளைகள் தவறிப்போகிறார்கள். வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது, ஸ்பேரின் விலை இறங்கவில்லை. பன்னிரண்டு லட்சத்துக்கு வாங்கினாலும் வாட்டர் பம்ப், லோயர் ஆர்ம், ஹெட்லைட் எல்லாம் ஐம்பது லட்ச வண்டியின் விலையில்தான் வரும். பேட்டரி மாற்றினால்கூட ஸ்கேனர் போட்டு வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் புது பேட்டரியும் சீக்கிரம் போய்விடும். அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கையில் 20 லட்சம் இருக்கிறதா, 16 லட்சத்துக்கு வண்டி பாருங்கள். மீதி நான்கு லட்சம் பேங்கில் இருக்கட்டும். முதல் இரண்டு வருடத்தில் அதற்கு வேலை வந்தே தீரும்.

இப்போது முக்கியமான விஷயம். தண்ணீர்.

2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் இந்த ஊரில் எத்தனை வண்டிகளை மூழ்கடித்தன என்பது நமக்கே தெரியும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை தெருக்களில் நின்ற தண்ணீரை நானும் முழங்கால் நனைய நடந்து கடந்திருக்கிறேன். மூழ்கிய வண்டிகள் எங்கே போயின? பல வண்டிகள் கழுவித் துடைத்து மறுபடி விலைக்கு வந்துவிட்டன.

2024 பிப்ரவரியில் காசிமேட்டுத் தம்பி ஒருவன் என்னைக் கூட்டிப் போனான். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில் வண்டி நின்றது. ஜெர்மன் வண்டி, ஐந்து வருடம் ஓடியது, கண்ணாடி மாதிரிப் பாலிஷ். மார்க்கெட் விலையைவிட மூன்று லட்சம் குறைவு. தம்பியோடு அவன் அப்பாவும் வந்திருந்தார். லுங்கி கட்டிய மனிதர், நாற்பது வருடமாகப் படகு எஞ்சின் வேலை பார்க்கிறவர். அவர் வண்டிப் பக்கமே வராமல் கொஞ்ச நேரம் ஒரு தூண் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்ததும் சென்ட் வாசனை குப்பென்று அடித்தது. நான் டிரைவர் சீட் பெல்ட்டை முழுசாக, கடைசி வரை இழுத்தேன். சுத்தமாக இருந்தது. பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் சின்னத் துணியில் தயாரித்த தேதி இருக்கும். வண்டியைவிடப் பெல்ட் நாலு வருடம் புதுசு. பக்கத்து சீட்டும் அதே. பிறகு பின் சீட்டின் நடு பெல்ட்டை இழுத்தேன். அதில் யாரும் உட்காருவதில்லை, அதனால் அதை மாற்ற யாருக்கும் தோன்றுவதில்லை. முக்கால்வாசி வெளியே வந்ததும் டீக் கறை மாதிரி ஒரு கோடு, அதற்குக் கீழே நாடா விறைத்துப் போய் மணல் மணலாக இருந்தது.

நான் ஒன்றும் பேசவில்லை. அதற்குள் பெரியவர் டிக்கியின் தரைப் பலகையைத் தூக்கிவிட்டார். பேட்டரியைப் பிடித்திருக்கும் அலுமினியத் துண்டில் கட்டைவிரலைத் தேய்த்து என்னிடம் காட்டினார். வெள்ளை வெள்ளையாக மாவு. "பூத்துப்போய்க் கெடக்கு பாரு. எஞ்சின் தண்ணியில கெடந்தா இப்படித்தான் பூக்கும். இது தண்ணி குடிச்ச வண்டி" என்றார். ஸ்கேனர் போடுவதற்கு முன்னாலேயே அவர் முடிவு சொல்லிவிட்டார்.

விற்பவர், கார் வாஷில் தண்ணீர் புகுந்துவிட்டது என்றார். தம்பிக்கு மனசே வரவில்லை. இன்னும் இரண்டு லட்சம் குறைத்துக் கேட்கலாமா அண்ணே என்றான். வேண்டாம் என்றேன். காரணம் இதுதான். இந்த வண்டிகளில் கார்ப்பெட்டுக்குக் கீழே கையளவு கனத்தில் ஸ்பாஞ்ச் இருக்கும். அது மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வயரிங்கின் பெரும்பகுதி அதற்கடியில்தான் ஓடுகிறது. கனெக்டருக்குள் செம்பு பச்சை பிடித்து மெல்ல மெல்லத் தின்னும். இன்று டேஷ்போர்டில் எல்லா எச்சரிக்கை விளக்கும் அணைந்திருக்கும். ஆறு மாதம் கழித்து ஒருநாள் ஏர்பேக் விளக்கு எரியும், மறுநாள் கியர் மாறாது, மூன்றாம் நாள் சரியாகிவிடும். எங்கே கோளாறு என்று தேடுவதற்கே லட்சம் போய்விடும். அதற்கு எத்தனை லட்சம் குறைத்துக் கொடுத்தாலும் கட்டுப்படியாகாது.

நீங்கள் தனியாகப் பார்க்கப் போனாலும் இதைச் செய்யலாம். நடு பெல்ட்டை இழுங்கள். சீட்டை முன்னே தள்ளி அதன் தண்டவாளத்திலும் போல்ட்டிலும் துரு இருக்கிறதா பாருங்கள். டிக்கியில் ஸ்பேர் டயர் குழியைத் தடவிப் பாருங்கள். சேசிஸ் நம்பரை வைத்துக் கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டை ஓனர் மூலமாக வாங்குங்கள். 2023 டிசம்பருக்குப் பிறகு கார்ப்பெட், ஸ்டார்ட்டர், சீட் பெல்ட் என்று பில் இருந்தால் விளங்கிவிடும். அந்த மாதங்களில் ரெக்கார்டே இல்லாமல் வெற்றிடமாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். இன்சூரன்ஸ் கிளைம் விவரத்தையும் கேளுங்கள்.

எஞ்சினுக்கு வருவோம். காலையில் சீக்கிரம் போங்கள், பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினின் முதல் சில நொடிச் சத்தத்தில்தான் உண்மை இருக்கிறது. 2012-ல் இங்கே வந்த பிஎம்டபிள்யூ 320டி வண்டிகளில், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்க வைக்கும் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. சங்கிலி உரசுகிற மாதிரிச் சத்தம் கேட்டால், அதை மாற்ற எஞ்சினையோ கியர்பாக்ஸையோ கழற்ற வேண்டும். பழைய ஆடி ஏ4-ல் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஆயில் குடிக்கும் என்பது மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரியும். ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஊற்றுகிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள்.

டீசலா பெட்ரோலா என்பதற்கு உங்கள் ஓட்டம்தான் பதில். ராயபுரத்திலிருந்து பாரிமுனைக்குப் போய் வருவதுதான் தினசரி ஓட்டம் என்றால் பிஎஸ்6 புகை விதிப்படி வந்த டீசல் வேண்டாம். புகைக்கரியை வடிகட்டும் டிபிஎஃப் சூடேறிச் சுத்தமாக நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். அது கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். ஆடி, பிஎஸ்6 வந்ததோடு இங்கே டீசலையே விட்டுவிட்டது.

நம் பக்கத்துச் சாலைகளை வைத்து ஒரு வார்த்தை. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் டிரெய்லர்கள் தோண்டி வைக்கும் பள்ளம் உங்களுக்குத் தெரியும். 19 அங்குலச் சக்கரம் பார்க்க அழகுதான். ஆனால் டயரின் பக்கச் சுவர் விரற்கடை அளவுதான் இருக்கும், ஒரு பள்ளத்தில் ரிம் வெடிக்கும். அதே வண்டியில் 17 அங்குலம் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். பிஎம்டபிள்யூவில் பல வண்டிகளுக்கு ரன்-ஃப்ளாட் டயர், ஸ்டெப்னி கிடையாது. காற்று முழுக்கப் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் 80 கிலோமீட்டர் தூரம் போகலாம் என்பது கணக்கு. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம். நாலு டயரிலும் நாலு தேதி இருந்தால் அந்த ஓனர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்பது புரிந்துவிடும். கடற்கரையை ஒட்டி நின்ற வண்டி என்றால் லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பாகத்தின் துருவையும் பாருங்கள்.

டெல்லி வண்டிகள் மலிவாக வருகின்றன. பத்து வருடம் ஆன டீசலுக்கு அங்கே வந்த தடைக்குப் பயந்து விற்றவைதான் பல. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஊர் ஆர்டிஓவில் ஆட்சேபணை இல்லை என்கிற என்ஓசி வாங்கி, இங்கே வரி கட்டி, நம்பர் மாற்றி முடிக்கும்போது மலிவு காணாமல் போயிருக்கும். வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். பேப்பர் விஷயத்தில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆர்சியில் கடன் பதிவு நீங்கியிருக்க வேண்டும், இ-சலான் பாக்கி இருக்கக்கூடாது, இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போதே எஞ்சின் பாதுகாப்பு சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் சாதாரண பாலிசியில் கிடைக்காது.

காசிமேட்டுத் தம்பி என்னோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தான். நான்கு மாதம் கழித்து வேறொரு வண்டி பார்த்தோம். 2020 பதிவு, பெட்ரோல், ஒரே ஓனர், 42,000 கிலோமீட்டர், எல்லா சர்வீஸ் பில்லும் ஒரே ஃபைலில். விலை அவன் நினைத்ததைவிட ஒன்றரை லட்சம் கூடுதல். அன்றும் பெரியவர்தான் முதலில் டிக்கியைத் திறந்தார். தடவிப் பார்த்துவிட்டு மகனிடம் தலையை மட்டும் ஆட்டினார். தினமும் ஒரகடம் போய் வருகிறான். மழை எச்சரிக்கை வந்தால் அப்பாவே போன் போட்டு, வண்டியை மேம்பாலத்தில் கொண்டுபோய் விடச் சொல்கிறாராம். வண்டி இப்போது 78,000 தாண்டிவிட்டது. கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். கியர்பாக்ஸைச் செய்கிற இசட்எஃப் கம்பெனியோ 80,000-லிருந்து 1,20,000-க்குள் மாற்றச் சொல்கிறது. அடுத்த வாரம் அந்த வேலைக்குத்தான் என் பட்டறைக்குக் கொண்டு வருகிறான்.

நன்றி, வணக்கம்.